இரண்டு மில்லி பள்ளம்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு, நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் இப்போது அங்கே வேலையில் இருப்பவர்கள். அவர்களில் திவ்யா என்ற இன்ஜினியர் பெண் புதிதாக ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தாள். டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். போனில் ஒரு பட்டனைத் தட்டினால் அதுவே வானத்தில் இடம் தேடி, அதுவே படம் எடுத்து, அதுவே நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுத்தம் செய்து, ஓரியன் நெபுலாவை வண்ணத்தில் போனுக்கு அனுப்பிவிடுகிறது. மனுஷருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நாங்கள் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம்.

பிறகு ஒரு மரியாதைக்காக என் தொலைநோக்கியையும் பார்க்கலாம் என்றார்கள். அது நானே செய்தது. என் தோள் உயரத்துக்கு நிற்கும் பிளைவுட் பெட்டி. அதன் அடியில் இருக்கும் கண்ணாடிதான் அதன் உயிர். கழற்றிக் காட்டினேன். எட்டு அங்குல அகலம், நல்ல கனம். திருப்பியபோது அதன் முதுகில் கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. திவ்யா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம ரிஜெக்ட் மார்க் மாதிரி கீதே" என்றாள். மாதிரி இல்லை, அதேதான் என்றேன். கதையை ஆரம்பிப்பதற்குள் அவர்களுடைய வேன் வந்துவிட்டது. எழுதிக் கொடுங்கள், கம்பெனி ஆண்டு மலரில் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். மலரில் பக்கம் போதாவிட்டால் அது அவர்கள் பாடு.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறியபோது நாங்களும் சேரப்பணஞ்சேரிக்கு வீடு மாறினோம். மொத்தம் முப்பத்து நாலு வருஷம், அத்தனையும் அளவெடுக்கிற வேலை. முதல் பத்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை மூன்று சொல்லில் அடக்கிவிடலாம்: தொடாதே, ஊதாதே, அவசரப்படாதே. மீதி வருஷங்களில் அதையே அடுத்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லைனில் ஓடும் பாகங்களை அளக்கக் கருவிகள் உண்டு. அந்தக் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதிக்கும் அறைதான் ஸ்டாண்டர்ட்ஸ் ரூம். வருஷம் முழுக்க அங்கே இருபது டிகிரி. வெளியே கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ரோட்டில் தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பேன். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் ஒரு நாள் அலமாரியில் கிடந்து அந்தக் குளிருக்குப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் அளவு. இரும்பு சூட்டில் நீளும், வெறும் கையால் தொட்டாலே நீளும் என்பதுதான் எங்கள் அரிச்சுவடி.

அந்த அறைக்கு அதிபதி வரதராஜன் சார். வாலாஜாபாத்துக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா: எழுத நீலம், கையெழுத்துப் போடப் பச்சை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னை எப்போதும் "நீ, வா, போ" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒரு சூப்பர்வைசரை ஒரு முறை "தாங்கள்" என்று கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் அடுத்த மாதமே வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

சாருடைய மதம் டேக். பச்சை டேக் என்றால் பயன்படுத்தலாம், மஞ்சள் என்றால் நிறுத்தி வை, சிவப்பு என்றால் தூக்கிப் போடு. டேக் இல்லாத பொருள் பிளான்ட்டிலேயே இல்லாத பொருள் என்பார். ஒவ்வொரு டேக்கிலும் அடுத்த சோதனைத் தேதி இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில்கூட, "நேரம் பார்க்க மட்டும். அளவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று டேக் ஒட்டியிருந்தார். ஆயுத பூஜைக்கு எல்லா டிபார்ட்மென்ட்டிலும் மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். எங்கள் அறையில் கருவிக்குப் பொட்டு கிடையாது. கருவியின் பெட்டிக்கு உண்டு, அதுவும் வெளிப்பக்கம்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு வானம் எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். படப்பையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனி கிரகத்தைக் காட்டுகிறார்கள் என்று போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. வளையம் கண்ணில் பட்டது. நான் மூச்சு விடுவதற்குள் அங்கே நின்ற ஆள் "நெக்ஸ்ட்" என்று தோளைத் தொட்டுவிட்டார். எனக்கு வந்தது ஞானம் இல்லை, ஆத்திரம். சொந்தமாக ஒன்று செய்து, கண் வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பது என்று அந்த மைதானத்திலேயே முடிவு செய்தேன். வானவியல் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய இரண்டு நாள் வகுப்புக்குப் போய் முறையைக் கற்றுக்கொண்டேன். பாரிமுனையில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் தடித்த வட்டக் கண்ணாடி இரண்டு கிடைத்தன.

வேலை இதுதான். ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து, கார்பரண்டம் என்ற சாணைப் பொடியும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கண்ணாடியை மேலே வைத்துத் தேய்க்க வேண்டும். மேலே இருப்பது மெல்ல மெல்லக் குழியும், கீழே இருப்பது மேடாகும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதால் தேய்ப்பவர் அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பொடி வரவர நைசாகும். கடைசியில் தார் மாதிரியான பிசினில் ஒரு தட்டு செய்து பாலிஷ் போட வேண்டும். எனக்கு எட்டு மாதம் ஆனது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை மாவு மில் வைத்திருக்கிறார். மணல் நிரப்பிய டிரம் ஒன்றை அவர்தான் மாடியில் ஏற்றிக் கொடுத்தார். அதற்குப் பலனாக மாடிக்கு வரவே கூடாது என்று அவருக்குத் தடை போட்டேன். அவர் லுங்கியை உதறினால் கால் கிலோ மாவு விழும்; பாலிஷ் போடும் இடத்தில் ஒரு துளி வேற்றுத் தூசி விழுந்தால் ஒரு மாத உழைப்பு கீறலாகப் போய்விடும். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் வேறு. "சனி நம்மள பாக்கக் கூடாதுன்னுதான் ஊரே வெளக்கு போட்டுகினு கீது. நீ இன்னாடான்னா எட்டு மாசம் கஷ்டப்பட்டு அதப் போய்ப் பாக்குறேன்றியே" என்றார்.

தினமும் சாயங்காலம் நான் டிரம்மைச் சுற்றி வருவதை எதிர் வீட்டு லூர்து மேரி அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார். வேண்டுதல் இல்லை என்றேன், நம்பவில்லை. வெளியே சொன்னால் பலிக்காதுபோல என்று அவரே முடிவு செய்துகொண்டு, தானும் மாதாவிடம் எனக்காகச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் சொல்லித்தான் வைத்திருக்கிறார்.

கண்ணாடி முடிந்தது. இனி அதற்கு அலுமினியப் பூச்சு போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் என் பழக்க தோஷம் வேலையைக் காட்டியது. குழியின் ஆழம் எவ்வளவு என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் இருபது டிகிரியில், கிரானைட் மேஜையில், மேடு பள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஓட்டி எடுத்த அளவு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. கம்பெனிக்குள் கொண்டுபோக வேண்டும். வாசலில் செக்யூரிட்டியிடம், திரும்ப எடுத்துப் போகும் சாமான் என்று கேட் பாஸ் போட்டேன். "கண்ணாடி, வட்டம், ஒன்று." ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் அலமாரியில் குளிருக்குப் பழக வைத்தேன். அடுத்த நாள் வடக்குப்பட்டில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, லீவு. அதற்கடுத்த நாள் வந்து அளந்துகொள்ளலாம் என்று போய்விட்டேன்.

டேக் போடவில்லை. இருபது வருஷம் அடுத்தவர்களை டேக் டேக் என்று பிடுங்கி எடுத்தவள், என் சொந்தப் பொருள், யார் தொடப் போகிறார்கள் என்று போய்விட்டேன்.

தொட்டவர் குணசேகரன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். இருபது வருஷம் வேறு பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு எங்கள் அறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்களிடம் வட்டமான கண்ணாடித் தட்டுகள் சில உண்டு. மைக்ரோமீட்டரின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று அவற்றை வைத்துத்தான் பார்ப்போம். அவற்றைவிடத் தட்டையான ஒரு பொருளை நான் பார்த்ததில்லை. அலமாரியில் என் கண்ணாடியைப் பார்த்த குணசேகரன், பெரிய சைஸில் புதிதாக ஒரு தட்டு வந்திருக்கிறது, கஸ்தூரி அக்கா லீவு, நாமே முடித்து வைப்போம் என்று நினைத்துவிட்டார். கிரானைட் மேஜையில் வைத்து, தட்டையாக இருக்கிறதா என்று டயலை ஓட்டினார்.

புதன்கிழமை நான் உள்ளே நுழைந்ததுமே அவர் எழுந்து வந்தார். அவர் முகத்தில், துக்கம் சொல்ல வந்தவரின் கவலையும் கடமையை முடித்தவரின் திருப்தியும் கலந்திருந்தன.

"அக்கா, நானும் இருபது வருஷமா எத்தினியோ ரிஜெக்ட் பாத்துகினு கீறேன். இவ்ளோ மோசமான பீஸ பாத்ததே இல்லக்கா. ரெண்டு மில்லி பள்ளம். நாலு வாட்டி டயல் ஓட்டிட்டேன்." சற்று யோசித்துவிட்டு, நியாயத்துக்காக ஒன்றைச் சேர்த்தார். "ஆனா பள்ளம் மட்டும் ரொம்ப சீரா கீதுக்கா. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி."

என் கண்ணாடிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அப்போது அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. கண்ணாடி எங்கே என்று கேட்டேன். கூண்டில் என்றார்.

இங்கே எங்கள் விதியைச் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் ஆன கருவியை யாரும் தவறிப்போய் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. அதனால் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, கம்பி வலைக் கூண்டில் பூட்டி, சனிக்கிழமை இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் சுத்தியலால் உடைத்து, உடைத்ததற்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அளக்கும் முகத்தில் அடிக்கக் கூடாது, முதுகில்தான் அடிக்க வேண்டும். ஏன் ரிஜெக்ட் ஆனது என்று யாராவது திரும்பச் சோதிக்கக் கேட்டால் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியது நான்தான். எழுதிய அன்று கைத்தட்டல்கூடக் கிடைத்தது. குணசேகரன் அதை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்.

கூண்டுக்கு முன்னால் நின்று வலை வழியாகப் பார்த்தேன். எட்டு மாதம் நான் நடந்த நடையெல்லாம் முதுகில் சிவப்புக் குறியோடு, தேய்ந்துபோன கேஜ்களுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க குணசேகரனை நான்கு வார்த்தை நன்றாகத் திட்டினேன். அவை ஆண்டு மலருக்கு ஏற்றவை அல்ல. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, "டேக் எதுவும் இல்லியேக்கா" என்று மட்டும் சொன்னார்.

வரதராஜன் சாரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். சாவியைக் கொடுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். அவர் நீலப் பேனாவை மூடி வைத்தார்.

"டேக் போட்டீங்களா?"

அந்த "டீங்களா" ஒன்றே போதும், சாருக்குக் கோபம். திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட். ரிஜெக்ட் பதிவேட்டில் எண் போட்ட ஒரு பொருள் காரணமில்லாமல் கூண்டிலிருந்து காணாமல் போனால், அவர்கள் எங்கள் அறையையே சந்தேகப்படுவார்கள். அது எனக்கும் தெரியும். சார் தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை, வழியைச் சொன்னார். ரிஜெக்ட் தவறு என்று நிரூபித்தால் வெளியே எடுக்கலாம். அதற்கு அந்தப் பொருளின் டிராயிங் வேண்டும், எந்த அளவு இருந்தால் ஏற்கலாம் என்ற வரம்பு வேண்டும், சோதிக்கும் முறை வேண்டும், சோதனையை அவரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாம் சனிக்கிழமைக்குள். இல்லையென்றால் சுத்தியல்.

வீட்டில் உட்கார்ந்து டிராயிங் போட்டேன். பொருளின் பெயர்: தொலைநோக்கிக் கண்ணாடி. வாடிக்கையாளர்: கஸ்தூரி. ஏற்பு வரம்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது எனக்குள் இருந்த வீம்பு எழுந்தது. இரண்டு மில்லி பள்ளம் என்று சொன்னவர்களுக்கு நான் யார் என்று காட்ட வேண்டும். வேண்டிய வடிவத்திலிருந்து, ஒளி அலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் எங்கேயும் விலகக் கூடாது என்று எழுதினேன். ஓரத்தின் கடைசி நூலிழைவரை என்றும் சேர்த்தேன்.

வியாழக்கிழமை சார் அதைப் படித்தார். மைக்ரானில், அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், எவ்வளவு என்று கேட்டார். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நம்ம ரூம்ல இத அளக்க எதுவுமே இல்லியே."

"அப்ப எத வெச்சு சார் ரிஜெக்ட் பண்ணீங்க?"

அவர் நீலப் பேனாவைத் திறந்து அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். நியாயமான கேள்வி யார் கேட்டாலும் எழுதிக்கொள்வார், அது அவர் குணம். அடுத்து, நீங்கள் எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்றார். ஷேவிங் பிளேடு என்றேன். அதுவும் பாதி பிளேடு. மீதிப் பாதியில் என் வீட்டுக்காரர் ஷேவ் செய்துகொண்டார். பிளேடுக்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். பிளேடு எதையும் அளக்காது, வெளிச்சத்தை வெட்டும், அவ்வளவுதான் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் பிளேடுக்கும் ஒரு டேக் போட்டு உள்ளே அனுமதித்தார்.

சோதனை வெள்ளிக்கிழமை மத்தியானம். பால் பவுடர் டப்பாவில் ஊசியால் ஒரு துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன பல்ப். சோதனைக்கு மட்டும் சார் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்த கண்ணாடியைக் கிரானைட் மேஜையில் நிறுத்தி, எட்டடி தள்ளி டப்பாவையும் பிளேடையும் வைத்தேன். ஊசித் துளை வெளிச்சம் போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியைப் பிளேடின் விளிம்பால் மெல்ல வெட்டிக்கொண்டு, பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க நிலா மாதிரி ஒளிரும். அதில் எவ்வளவு சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் நிழலாக எழுந்து நிற்கும். எந்தக் கருவியிலும் அகப்படாததைக் கண்ணே பார்த்துவிடும்.

விளக்கை அணைத்தோம். குணசேகரன் சாட்சி. சார் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். வைத்த உடனே தலையை எடுத்துவிட்டார். கண்ணாடி கொதிக்கிறதே என்றார். அது கண்ணாடி இல்லை, நம் ஏசி காற்று, கண்ணாடிக்கு முன்னால் சுழன்றுகொண்டு போகிறது என்றேன். தன் அறையில் காற்று அசையாது என்று பதினைந்து வருஷமாக ஆடிட்டர்களிடம் எழுதிக் கொடுத்தவர் அவர். மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய், யாரும் தொடக் கூடாது என்று அவரே டேக் ஒட்டி வைத்த சுவிட்சை, அவரே அணைத்தார். குணசேகரன் என் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டார்.

காற்று அடங்கியது. நிழல் நின்றது. சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்று கேட்டேன். கண்ணாடி மேல் கட்டை விரலை வைத்து, பத்துவரை எண்ணிவிட்டு, மறுபடி வந்து பாருங்கள் என்றேன். வெறும் விரலா என்றார். வெறும் விரல்தான் என்றேன். இன்னும் பூச்சுப் போடாத கண்ணாடி, துடைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பாம்புப் புற்றில் கை விடுகிறவரைப் போலப் போய் வைத்தார். பத்து எண்ணினார். திரும்பி வந்து கண்ணை வைத்தார்.

விரல் இருந்த இடத்தில், கண்ணாடியில் ஒரு குன்று நின்றிருக்கும். அவர் கட்டை விரலின் அளவுக்கு, அவருடைய சூட்டில் எழுந்த குன்று. நான் வீட்டில் நூறு முறை பார்த்திருக்கிறேன். அது மெல்லத் தணிந்து, தேய்ந்து, மறைய ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். சார் கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போய் இன்னொரு முறை விரலை வைத்தார். பிறகு இன்னொரு முறை. நாலாவது முறை நடுவிரல். குணசேகரனும் வைத்துப் பார்த்தார். டீ பெல் அடித்தது, யாரும் போகவில்லை.

இருட்டில் சாரின் குரல் வந்தது. "முப்பது வருஷமா எல்லாரையும் தொடாத, தொடாதன்னு திட்டிக்கினே இருந்தேன். நான் இதப் பாத்ததே இல்ல, கஸ்தூரி. நம்பித்தான் திட்டினேன்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மறுபடி பிளேடுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பழைய குரலில் சொன்னார்: "ஓரம் இறங்கி இருக்கே."

இறங்கித்தான் இருந்தது. கண்ணாடி தேய்க்கும் எல்லோருக்கும் வரும் கோளாறு அது. கடைசி மூன்று மில்லி அகலத்துக்கு ஓரம் கொஞ்சம் சரிந்துவிடும். கறுப்புக் காகிதத்தில் ஒரு வளையம் வெட்டி அந்த ஓரத்தை மூடிவிட்டால் சனி கிரகத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனால் டிராயிங்கில் நானே எழுதியிருக்கிறேன், கடைசி நூலிழைவரை என்று. குணசேகரன் என்னைத் தவறாக ரிஜெக்ட் செய்தார். என் டிராயிங் என்னைச் சரியாகவே ரிஜெக்ட் செய்துவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். டிராயிங்கை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மாற்றலாம், திருத்த எண் போட்டு, காரணம் எழுத வேண்டும் என்றார். இவ்வளவு இறுக்கமான வரம்பை முதலில் ஏன் வைத்தாய் என்று கேட்டார். என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை. "நான் பெரிய ஆளுன்னு உங்களுக்குக் காட்டத்தான் சார்" என்றேன். குணசேகரன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் நீலப் பேனாவால் எழுதினார்: "முந்தைய வரம்பு பயன்பாட்டின் அடிப்படையில் வைக்கப்படவில்லை." என் வீம்பை இவ்வளவு நாகரிகமாக யாரும் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்குக் கூண்டிலிருந்து விடுதலை கிடைத்தது. சிவப்புக் குறியைத் தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்றேன். கூடாது, நடந்தது தெரிய வேண்டும் என்றார். குறிக்குப் பக்கத்தில் பச்சை டேக் ஒட்டினார். "சலுகையின் பேரில் ஏற்கப்பட்டது. ஒரு வருஷத்துக்குச் செல்லும்." கீழே அடுத்த சோதனைத் தேதி. பச்சைப் பேனாவில் கையெழுத்து. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் வெள்ளமானதே, அதற்கு முந்தின வருஷம் இது.

பூச்சுப் போட்டு, பெட்டியில் மாட்டி, சனியைப் பார்த்தேன். தோளைத் தொட ஆள் இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். பிறகு மாடித் தடையை ஒரு நாள் விலக்கி ஏழுமலையைக் கூப்பிட்டேன். குளித்துவிட்டு வந்து கண்ணை வைத்தார். "இதுக்கா இவ்ளோ பயந்துகினு கீறோம்? தம்மாத்தூண்டு கீது" என்றார். அதற்குப் பிறகும் அவர் கோயிலில் சனிக்கு விளக்குப் போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் போடும்போது தெரிந்தவரைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார்.

கேமரா மாட்டக் கற்றுக்கொண்டு நான் எடுத்த முதல் நல்ல படம் நிலா. கம்பெனிகளின் விளக்கெல்லாம் சேர்ந்து எங்கள் வானத்தை வெளுப்பாக்கிவிட்டன. நிலாவுக்கு மட்டும் அதைப் பற்றிக் கவலை இல்லை. பெரிதாக அச்சடித்துச் சாருக்குக் கொடுத்தேன். ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினார். மறுநாள் அதில் டேக் இருந்தது: "பார்வைக்கு மட்டும். அளவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது." அடுத்த ஆடிட்டில் வந்த வெளிநாட்டுக்காரர் நிலாவைப் பார்த்தார், டேக்கைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடியின் தேதி ஒவ்வொரு வருஷமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் சோதித்தோம். சார் ரிட்டையர் ஆனபோது இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தேதி அன்று காலை எட்டரைக்கு வீட்டு வாசலில் நின்றார், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. குணசேகரன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமே என்று அவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார். நானும் ரிட்டையர் ஆகிவிட்டேன். இப்போது சோதனை எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, ஃபேனை நிறுத்தி நடக்கிறது. ஏழுமலை வியர்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். பூச்சுப் போட்ட முகத்தைத் தொடக் கூடாது என்பதால் சாருக்காக ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். பாரிமுனையில் மறுபடி ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி, குழித்து, பூச்சுப் போடாமல் வைத்திருக்கிறேன். பெரியதைச் சோதித்து முடித்ததும் அதை எடுத்து நிறுத்துவேன். அவர் எழுந்து போய்க் கட்டை விரலை வைத்து, பத்து எண்ணுவார்.

இந்த வருஷம் அவருக்கு முட்டி வலி. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வாசல்படி ஏறவே குணசேகரன் கை பிடிக்க வேண்டியிருந்தது. பிளேடுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஓரம் அப்படியே இருக்கிறது என்றார். சின்னக் கண்ணாடியில் விரல் வைத்தார். குன்று எழுந்து, தேய்ந்து, போனது. அவர் கண்ணை எடுக்கக் காத்திருந்தோம்.

இந்த வயதில் அவரை இப்படி அலைக்கழிக்க வேண்டுமா என்று எனக்கு உறுத்தல். பதினோரு வருஷமாக ஒரே ரிசல்ட், கண்ணாடி மாறவே மாறாது, இனிமேல் சோதனை தேவையில்லை என்று டேக்கில் எழுதி முடித்துவிடலாமா சார் என்று கேட்டேன்.

அவர் நீலப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி மாறாதுன்னு எனக்குத் தெரியும். தேதி போடுங்க."

"நீங்க" வந்ததும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வருஷத் தேதியைப் போட்டேன். அவர் பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.